பொம்மை விமானமும் மாதிரி விமானமும்

"சார், கடைசியில் இவன் பொம்மை செய்கிறவனா!"

இருட்டில் யாரோ ஒரு மாணவர் இப்படிக் கூவியதும் அரங்கம் முழுவதும் சிரிப்பில் அதிர்ந்தது. எங்கள் கல்லூரி இயற்பியல் மன்றத்தில் அவ்வப்போது ஒரு படத்தைத் திரையிட்டு, முடிந்ததும் அதிலுள்ள அறிவியலை விவாதிப்பது வழக்கம். அன்று காட்டிய படம் 'தி ஃபிளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்'. எலஸ்டன் டிரெவர் 1964இல் எழுதிய நாவலைத் தழுவி, ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கி 1965இல் வெளிவந்த படம் அது. 2004இல் கோபிப் பாலைவனத்துக்கு இடம் மாற்றி மீண்டும் எடுத்தார்கள். ஆனால் நான் பேசப்போவது பழைய படத்தைப் பற்றியே.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. அதற்கு முந்தைய ஆண்டு என் மாணவர்கள் நால்வர், பறக்கும் மாதிரி விமானம் ஒன்றைத் தங்கள் செயல்திட்டமாக எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டபோது, மூத்தவர் ஒருவர், "பட்ட வகுப்பில் விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டுச் சிரித்தார். அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே இந்தப் படத்தின் நடுவே வரும் அந்த ஒரு காட்சியை எடைபோடுவதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய்க் கம்பெனி ஆட்களையும் சில படைவீரர்களையும் ஏற்றிச் செல்லும் ஒரு பழைய சரக்கு விமானம், மணற்புயலில் சிக்கிச் சகாரா பாலைவனத்தில் விழுகிறது. அது ஃபேர்சைல்டு சி-82 என்னும் வகை. இரண்டு எஞ்சின்களும் இரண்டு வால்தண்டுகளும் கொண்டது. உண்பதற்குப் பேரீச்சம்பழம் நிறைய இருக்கிறது. தண்ணீரோ சில நாட்களுக்குத்தான் வரும். பயணிகளில் ஒருவனான ஹைன்ரிச் டார்ஃப்மன் என்னும் ஜெர்மானியன், தான் விமான வடிவமைப்பாளன் என்கிறான். சேதமடையாத ஒரு வால்தண்டு, ஓர் எஞ்சின், இரு பக்கத்து இறக்கைகள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு புது விமானம் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறான். வயதான விமானி ஃபிராங்க் டவுன்ஸுக்கு அவனைக் கண்டாலே பிடிக்கவில்லை. ஆயினும் வேறு வழியின்றி வேலை தொடங்குகிறது. வேலை ஏறக்குறைய முடியும் கட்டத்தில், டார்ஃப்மனின் நிறுவனத்து விலைப்பட்டியல் விமானியின் கைக்கு வருகிறது. அதில் உள்ளவை எல்லாம் மாதிரி விமானங்கள்! உயிரை ஒப்படைத்திருந்த மனிதன் ஆள் ஏறும் விமானம் ஒன்றைக்கூட வடிவமைத்தவன் அல்லன்.

மாணவர் சிரித்தது இந்த இடத்தில்தான். படத்துக்குள்ளேயே விமானியின் துணைவன் லூ மோரன் அழுகையும் சிரிப்புமாகக் குலுங்குகிறான். டார்ஃப்மனுக்கோ அவர்கள் ஏன் கலங்குகிறார்கள் என்றே விளங்கவில்லை. பொம்மை என்றால் சாவி கொடுத்ததும் தரையில் உருண்டோடுவது, தாங்கள் செய்வது மாதிரி விமானம், அது முற்றிலும் வேறு என்று திருத்துகிறான். காற்றியக்க விதிகள் இரண்டுக்கும் ஒன்றே என்கிறான். மாதிரி விமானத்தில் விமானி கிடையாது, அது தன்னைத்தானே பறக்கவைத்துக்கொள்ள வேண்டும், ஆகவே அதை வடிவமைப்பதில் இன்னும் கவனம் தேவை என்று வாதாடுகிறான்.

இந்த வாதத்தின் கடைசிப் பகுதி முழுக்கச் சரியானது. இதுவரை நான் பார்த்த எந்தப் படத்திலும் இவ்வளவு நல்ல இயற்பியல் கருத்து ஒரு சண்டைக் காட்சியின் நடுவே வந்ததில்லை. எப்படிச் சரி என்று பார்ப்போம். 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானம் மூக்கு மேலும் கீழும் ஆடும் இயக்கத்தில் உறுதிச் சமநிலை இல்லாதது. மிதிவண்டியில் போகிறவர் கைப்பிடியை ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதுபோல், விமானியே நொடிக்கு நொடி அதைத் திருத்திப் பறக்கவைத்தார். ரப்பர் முறுக்கிப் பறக்கவிடும் மாதிரி விமானத்தில் இப்படித் திருத்த ஆள் இல்லை. கையைவிட்டுப் புறப்பட்ட பிறகு, மூக்கு உயர்ந்தால் தானே தாழ வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தானே நிமிர வேண்டும்.

இதற்கான உபாயங்கள் எளியவை. ஈர்ப்பு மையத்தைப் போதிய அளவு முன்னுக்குக் கொண்டு வந்து, வாலிறக்கையை முதன்மை இறக்கையைவிடச் சற்றுக் குறைந்த கோணத்தில் ஒட்டுகிறோம். காற்றில் மூக்கு தூக்கிக்கொண்டால் இரண்டு இறக்கைகளிலும் தூக்கு விசை கூடுகிறது. வாலிறக்கை ஈர்ப்பு மையத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், நெம்புகோலின் நீண்ட கைபோல் வேலை செய்து வாலை உயர்த்தி மூக்கைத் தாழ்த்துகிறது. இரு பக்க இறக்கைகளையும் ஆங்கில 'வி' எழுத்துப்போல் நுனியில் சற்றே உயர்த்தி ஒட்டுவது பக்கச் சாய்வுக்கான மருந்து. சாய்ந்த பக்கம் விமானம் சறுக்கும்போது, தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்தித்து மேலே எழுகிறது. இவை இரண்டையும் பொறுமையாகச் சரிசெய்யக் கற்றவன், சமநிலையைப் பற்றிப் பாடப்புத்தகம் படித்தவனைவிட அதிகம் அறிந்தவன் என்பது என் கருத்து.

ஆனால் தன் கட்சிக்கு ஆதாரமாக டார்ஃப்மன் சொல்லும் வரலாறு தவறு. ஹென்சனும் ஸ்டிரிங்ஃபெல்லோவும் 1851இலேயே ரப்பரால் இயங்கும் மாதிரி விமானத்தை 600 மீட்டர் பறக்கவிட்டார்கள் என்கிறான். ஜான் ஸ்டிரிங்ஃபெல்லோவின் மாதிரி நீராவி எஞ்சினால் இயங்கியது. ஆண்டு 1848. இடம் இங்கிலாந்தில் சார்ட் என்னும் ஊரில் ஒரு லேஸ் ஆலையின் உட்புறம். பறந்த தூரம் பத்துக் கெஜ அளவில்தான் சொல்லப்படுகிறது. ரப்பர் முறுக்கின் பெருமை முழுவதும் சேரவேண்டியது ஆல்ஃபோன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞருக்கு. 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அவர் தம் சிறு விமானத்தைப் பறக்கவிட்டபோது அவருக்கு வயது 21. விமானத்தின் எடை 16 கிராம். அதில் ரப்பரே ஏறத்தாழ 5 கிராம். அது 11 வினாடியில் சுமார் 40 மீட்டர் தூரம் பறந்தது. மேலே சொன்ன கோண வேறுபாட்டு உபாயமும் நுனி உயர்த்திய இறக்கையும் அதில் இருந்தன. தன்னைத்தானே நிலைப்படுத்திக்கொள்ளும் விமானம் என்னும் டார்ஃப்மனின் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கதாசிரியர்கள் அதை விட்டுவிட்டு ஒரு பொய்ச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். பெனோ தம் 30ஆம் வயதிலேயே, 1880இல், தற்கொலை செய்துகொண்டார். பாவம், திரைப்படத்திலும் அவருக்கு இடமில்லை.

இது சிறு பிழை. எனது பெரிய ஆட்சேபம் வேறு. விதிகள் ஒன்றே என்று சொல்லி டார்ஃப்மன் நிறுத்திக்கொள்கிறான். விதிகள் ஒன்றுதான், ஆனால் அவற்றில் நாம் போடும் எண்கள் ஒன்றல்ல. விமானத்தை எல்லாப் பக்கமும் இருமடங்கு பெரிதாக்கினால் இறக்கைப் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமக்க வேண்டிய பாரம் இரட்டிப்பாகிறது. தூக்கு விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இந்தப் பாரத்தைத் தாங்க வேகம் 1.4 மடங்கு வேண்டும். தேவைப்படும் திறன் 8 × 1.4, அதாவது 11 மடங்குக்கும் மேல்! ரைட் சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது, 1878இல், அவர்களுடைய தந்தை தக்கை, மூங்கில், காகிதத்தால் ஆன ரப்பர் முறுக்கு ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். பெனோ வடிவமைத்த வகைதான். அதைப் பார்த்துப் பெரிதாகச் செய்யச் செய்ய, பறப்பது குறைந்துகொண்டே போனது. இருமடங்கு பெரிய பொறிக்கு எட்டு மடங்கு திறன் வேண்டும் என்று அப்போது தெரியவில்லை என 1908இல் அவர்கள் எழுதினார்கள். எட்டும் போதாது என்கிறது நம் கணக்கு.

இந்த உண்மையை நாங்கள் கரும்பலகையில் அல்ல, விடுதி மைதானத்தில் கற்றோம். அனுமதி கிடைக்காவிட்டாலும் அந்த நால்வரும் விடவில்லை. மாலை நேரங்களில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து முதல் விமானத்தைச் செய்தார்கள். நுனிக்கு நுனி 45 செ.மீ., அகலம் 8 செ.மீ. கொண்ட இறக்கை. மூங்கில் பிளாச்சுகளால் சட்டம். அதன்மேல் சார்ட் காகிதம். இணைப்புகளில் தாராளமாகப் பசை. அதன்மேல் இரண்டு பூச்சு நீலச் சாயம், விமானப்படைச் சின்னத்துடன். உறுதியாக இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். தராசில் வைத்தபோது 48 கிராம். கையைவிட்டதும் அது கல்லைப்போல் போய் மைதானச் சுவரில் மோதி இரண்டாயிற்று.

இரண்டாம் விமானமும் அதே அளவுதான். ஆனால் ஒவ்வொரு உறுப்பையும் ஒட்டுவதற்கு முன் இயற்பியல் தராசில் நிறுத்த பிறகே ஒட்ட வேண்டும் என்று விதி வைத்தேன். சட்டத்துக்குப் பால்சா மரம் வரவழைத்தோம். ஈக்வடாரில் அதிகமாக வளர்க்கப்படும் இம்மரம் சில ஆண்டுகளிலேயே பருத்து வளர்ந்துவிடும். உலர்ந்த பின் அதன் அணுக்கூடுகளில் பெரும்பாலும் காற்றே. 2.5 மி.மீ. சதுரத்தில் 45 செ.மீ. நீளமுள்ள ஒரு மூங்கில் குச்சி 2 கிராம் வரும். அதே அளவு பால்சா குச்சி 0.3 கிராம். ஆயினும் பால்சா என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஒரே கட்டில் வரும் பலகைகளில் ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு அடர்த்தி உடையதாக இருப்பதுண்டு. கனமானதை முதுகுத்தண்டுக்கும், லேசானதை வாலுக்கும் பிரித்து வைக்கத் தெரிவதே பாதி வித்தை. கடையில் வாங்கும்போதே தராசு வேண்டும் என்பதைப் பெட்டியில் வரும் குறிப்புத்தாள்கள் ஏனோ சொல்வதில்லை.

உறை விஷயத்தில் வேறுபாடு இன்னும் வியப்பானது. சார்ட் காகிதம் சதுர மீட்டருக்கு 140 கிராம் எனக் கொண்டால், எங்கள் இறக்கையின் மேற்புறத்துக்கு மட்டும் 5 கிராம் ஆகிறது. 12 கிராம் டிஷ்யூ காகிதமானால் அரை கிராம்கூட இல்லை. இந்த மெல்லிய தாளைத் தளர்வாக ஒட்டி, நீரைப் பனிபோல் தெளித்து உலரவிட்டால், அது சுருங்கி மத்தளத் தோல்போல் விறைத்துக்கொள்கிறது. அந்த இழுப்பில் குச்சிகளின் சட்டம் முழுவதும் ஒரே உடலாகிவிடும். வலிமை இழுப்பிலிருந்து வருகிறது, கனத்திலிருந்து அல்ல. ஒரே எச்சரிக்கை: சட்டத்தைப் பலகையில் குண்டூசியால் பிடித்து வைத்தே உலர்த்த வேண்டும். இல்லையேல் இறக்கை அப்பளம்போல் முறுக்கிக்கொள்ளும். எங்களுக்கு ஒன்று அப்படி ஆயிற்று.

வால் பக்கம் கஞ்சத்தனம் அவசியம். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 27 செ.மீ. பின்னேயும், மூக்கு 9 செ.மீ. முன்னேயும் இருக்கிறது என்று கொள்வோம். வாலில் ஒரு கிராம் பசை கூடினால், அதை ஈடுகட்ட மூக்கில் 3 கிராம் களிமண் அப்ப வேண்டும். ஆக ஒரு கவனக்குறைவின் விலை 4 கிராம். மூக்கு குட்டையான போர் விமானங்களின் தோற்றத்தை அப்படியே சுருக்கித் தரும் பெட்டிகளை வாங்கிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். அலமாரியில் வைக்க அவை அழகு. முதல் முறை கட்டுகிறவருக்கு நீண்ட மூக்கும் குச்சி உடலும் கொண்ட அழகற்ற விமானமே நண்பன்.

இரண்டாம் விமானம் ரப்பர், புரொப்பெல்லர் எல்லாம் சேர்த்து 12 கிராம். இறக்கையின் ஒவ்வொரு சதுர டெசிமீட்டருக்கும் 3.3 கிராம் பாரம். சொன்னால் நம்பமாட்டீர்கள், பெனோவின் விமானத்துக்கும் ஏறத்தாழ இதே எண்தான். இதை அவர் கணக்கோடு ஒப்பிட்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மாணவர்கள் முகத்தில் பார்த்தேன். இந்தப் பாரத்துக்குத் தேவையான வேகம் வினாடிக்கு 3 மீட்டருக்கும் குறைவு. ஓர் ஆள் கூடவே ஓடலாம். 48 கிராம் விமானத்துக்கோ இருமடங்கு வேகமும் எட்டு மடங்கு திறனும் வேண்டும். அந்த ரப்பரால் அது எப்படி முடியும்? இன்னொன்றையும் கவனியுங்கள். மோதும்போது உள்ள இயக்க ஆற்றல் எடையையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. நான்கு மடங்கு எடை, இருமடங்கு வேகம். ஆகவே பதினாறு மடங்கு ஆற்றல். உறுதிக்காக ஏற்றிய கனமே விமானத்தை உடைத்தது. லேசான விமானம் முதல் நாளில் ஒன்பது தடவை புல்லில் விழுந்தும் டிஷ்யூவில் இரண்டு கிழிசல்களோடு தப்பித்தது. பத்தாம் தடவை 22 வினாடி பறந்தது. காற்றில்லாத விடியற்காலையில், ஒரு பக்கமாக வட்டமடித்தபடி, மூக்கு சற்றுத் தூக்கித் தானே தாழ்ந்து, மெதுவாகத்தான் பறந்தது. நால்வரில் ஒருவர் மணி பார்ப்பதை மறந்து கூடவே ஓடினார்.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். பெரிதாக்கினால் எல்லாம் மாறிவிடும் என்றால், விமானியின் பயம் நியாயமானதுதானே என்று கேட்கலாம். டார்ஃப்மன் தன் இரண்டு மீட்டர் மாதிரியைப் பெரிதாக்கி ஒரு விமானம் செய்திருந்தால் பயம் நியாயமே. வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் சாமுவேல் லாங்லி 1896 மே 6 அன்று ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ள நீராவி மாதிரி விமானத்தை ஒரு கிலோமீட்டர் தூரம் பறக்கவிட்டார். அதே வடிவத்தைச் சுமார் நான்கு மடங்காகப் பெருக்கி ஆள் ஏற்றியபோது, 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் இருமுறை அது போட்டோமாக் ஆற்றில் விழுந்தது.

ஆனால் டார்ஃப்மன் எதையும் பெரிதாக்கவில்லை. இதுதான் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும், ஏன், படத்தை எடுத்தவர்களுமே, கவனிக்கத் தவறிய செய்தி. அவனுக்குக் கிடைத்த இறக்கை முழு அளவு விமானத்தின் இறக்கை. எஞ்சினும் அப்படியே. அவற்றின் வலிமையை வேறு பொறியாளர்கள் ஏற்கனவே கணக்கிட்டுத் தொழிற்சாலையில் செய்து வைத்துவிட்டார்கள். அவனுக்கு மிஞ்சியிருந்த வேலை என்ன? எதை விட்டுச்செல்வது என்று தீர்மானிப்பது. துண்டுகளைச் சேர்த்தபின் ஈர்ப்பு மையம் எங்கே விழும் என்று பார்ப்பது. இறக்கைக்கும் வாலுக்கும் இடையே சரியான கோணம் வைப்பது. ஆட்களை இறக்கையின்மேல் எந்த இடத்தில் படுக்கவைப்பது என்று குறிப்பது. எடை, மையம், கோணம்: எங்கள் நால்வர் ஆய்வுக்கூடத்து மேசையில் செய்த வேலை இதுதான். பெரிய தொழிற்சாலையில் தரையிறங்கு சக்கரத்தை மட்டும் இருபது ஆண்டுகள் வடிவமைத்த நிபுணர் ஒருவர் அந்த விமானத்தில் இருந்திருந்தால், அவரைவிட டார்ஃப்மனையே நான் நம்பியிருப்பேன். இந்த வாதத்தை அவன் வாயில் வைக்காமல், விதிகள் ஒன்றே என்ற பொத்தாம்பொதுவான வசனத்தோடு விட்டது படத்தின் குறை. காட்சியில் நாம் காண்பதும் ஒரு விலைப்பட்டியலைத்தான்.

டார்ஃப்மனைக் கர்வியாகவும், பொதுத் தண்ணீரைத் திருடிக் குடிப்பவனாகவும் காட்டியதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. படம் இரு தரப்புக்கும் நியாயம் செய்கிறது. எஞ்சினைக் கிளப்ப ஏழே தோட்டாக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை டவுன்ஸ் வேண்டுமென்றே வெறுமனே வெடித்து எஞ்சினின் உருளைகளைத் துப்புரவாக்குகிறான். டார்ஃப்மன் கூடாதென்று கத்துகிறான். விமானியின் கைப்பழக்கமே வெல்கிறது. காகிதக் கணக்கு அறியாத ஒன்றைக் கை அறியும் என்பதை இவ்வளவு அழகாகக் காட்டிய இயக்குநர், டார்ஃப்மனுக்கும் கை உண்டு என்பதைக் காட்ட மறந்துவிட்டார். மணலில் ஒரு காகித மாதிரியை அவன் கையிலிருந்து ஒருமுறை சறுக்கவிடச் செய்திருந்தால் போதும். எங்கள் அரங்கில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருக்கும்.

படப்பிடிப்புக்காக உண்மையிலேயே ஒரு ஃபீனிக்ஸ் கட்டப்பட்டது. வெவ்வேறு விமானங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒட்டிய அந்த விமானத்தை ஓட்டியவர் பால் மான்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற சாகச விமானி. 1965 ஜூலை 8 அன்று, யூமா நகருக்கு அருகே மணற்குன்றுகளிடையே, தரையைத் தொட்டு மீண்டும் எழும் காட்சியைப் படமாக்கும்போது, விமானம் ஒரு மேட்டில் தட்டி உடைந்தது. மான்ட்ஸ் உயிரிழந்தார். எஞ்சிய காட்சிகளை வேறொரு விமானத்தை வைத்து முடித்தார்கள். படத்தின் இறுதியில் அவருக்கு அஞ்சலி வாசகம் வருகிறது. அது வந்தபோது அரங்கில் யாரும் எழவில்லை. விளக்கைப் போட்டதும், முதலில் கூவிய அந்த மாணவர் என்னிடம் வந்து, அலமாரிமேல் இருந்த 12 கிராம் விமானத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். இறக்கையைப் பிடிக்காதே, உடலைப் பிடி என்று சொல்லிக் கொடுத்தேன்.